ஆறாத புண்ணும் அமிலம் தாங்கும் கிருமியும்

ஒருவருக்குப் பித்தப்பையில் கல். வயிற்றை அகலக் கீறாமல், மூன்று நான்கு சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி மருத்துவர் பித்தப்பையை அகற்றிவிடுகிறார். லாப்ராஸ்கோப்பு முறை என்று இதனைச் சொல்வார்கள். இரண்டொரு நாளில் நோயாளி வீடு திரும்புகிறார். துளைகள் பத்து நாளில் ஆறி வடுவாகின்றன. ஒரு மாதம் கழிகிறது. ஒருநாள் குளிக்கும்பொழுது, தொப்புளருகே இருக்கும் வடுவின் கீழ்ப் பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. சில நாட்களில் அது சிவந்து, உடைந்து, நீர்த்த சீழை வடிக்கத் தொடங்குகிறது. மருத்துவர் வழக்கமான மருந்துகளைக் கொடுக்கிறார். புண் சற்று வற்றுகிறது, மறுபடியும் வடிகிறது. சீழைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால், இரண்டு நாள் கழித்து, ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்று விடை வருகிறது. புண்ணோ உள்ளே புரையோடிக்கொண்டே போகிறது.

இந்நிலையில் யாரேனும் ஒருவர், அச்சீழை வேறொரு சாயமிட்டுப் பார்க்கலாமே என்கிறார். இம்முறை வரும் சீட்டில், ‘அமிலம் தாங்கும் கிருமிகள் காணப்பட்டன’ என்று எழுதியிருக்கிறது. நம் நாட்டில் இச்சொற்களைக் கண்டவுடன் மனத்தில் எழும் பெயர் ஒன்றே. அது காசநோய். அதற்குரிய ஆறு மாதச் சிகிச்சை தொடங்குகிறது. குடும்பத்தார் கலங்குகின்றனர், குழந்தைகளை வேறு அறையில் படுக்கவைக்கின்றனர். மாத்திரைகள் ஒருநாளும் தவறுவதில்லை. மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. அடுத்த துளையின் வடுவும் உடைகிறது.

இது தனி மனிதர் ஒருவரின் கதையன்று. மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ள ஒரு நோயின் நடையை இங்கே தொகுத்துச் சொன்னேன். இதில் சீட்டு பொய் சொல்லவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சீட்டு ஒரு குடும்பத்தின் பெயரைத்தான் சொன்னது. அக்குடும்பத்தில் வந்திருப்பவர் யார் என்று அது சொல்லவில்லை. எவரும் அதைக் கேட்கவுமில்லை. கேளாமல் விட்ட அந்த ஒரு கேள்விக்காக நோயாளி மாதக்கணக்கில் புண்ணைச் சுமக்கிறார். தமக்கு உதவாத மருந்தையும் உண்கிறார்.

பெர்லின் நகரில் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள், காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டதாக ராபர்ட் காக் அறிவித்தார். மாணவர்கள் இதனைப் பாடத்தில் படித்திருப்பார்கள். அதே ஆண்டில் பால் எர்லிக் என்னும் அறிஞர், அக்கிருமிக்குச் சாயம் ஏற்றும் முறையைச் செம்மைப்படுத்தும்பொழுது ஒரு வியப்பைக் கண்டார். சாதாரணக் கிருமிகளில் ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றிக் கழுவிவிடலாம். இக்கிருமியில் ஏறிய சாயம் அமிலத்திற்கும் அசைவதில்லை. பின்னர் சீல், நீல்சன் என்னும் இருவர் திருத்தியமைத்த முறையே இன்றளவும் வழங்குகிறது. கண்ணாடிச் சில்லில் சளியையோ சீழையோ தடவி, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடேற்றுவார்கள், அமிலத்தால் கழுவுவார்கள், பிறகு நீலச் சாயம் இடுவார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகள் தெரிந்தால், அவையே அமிலம் தாங்கும் கிருமிகள். செலவு குறைவு; சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலும் செய்துவிடலாம். காசநோயைக் கண்டுபிடிப்பதில் இம்முறை ஆற்றிய தொண்டு பெரிது.

ஆனால், சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கிருமியின் உறையில் மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. இந்த மெழுகுச் சட்டை காசநோய்க் கிருமிக்கு மட்டும் உரியதன்று. மைக்கோபாக்டீரியா என்னும் பேரினம் முழுவதும் அதனை அணிந்திருக்கிறது. இப்பேரினத்தில் இன்று ஏறத்தாழ 200 இனங்கள் அறியப்பட்டுள்ளன. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் அவற்றுள் பெயர் பெற்றவை. ஏனையவற்றுள் பெரும்பாலானவை மண்ணிலும் நீரிலும் தம் போக்கில் வாழ்கின்றன. நம்மைத் தேடி வருவதில்லை. வழி கிடைத்தால் மட்டும் நுழைகின்றன.

இவற்றை வரிசைப்படுத்த அமெரிக்க அறிஞர் எர்னெஸ்ட் ரன்யன் 1959-இல் ஒரு முறை வகுத்தார். வளரும் வேகத்தையும், வளரும்பொழுது காட்டும் நிறத்தையும் கொண்டு நான்கு கூட்டங்களாகப் பிரித்தார். நான்காவது கூட்டமே விரைந்து வளர்பவை. வளர்ப்புத் தட்டில் மாற்றி இட்டால் ஏழு நாட்களுக்குள் கண்ணுக்குத் தெரியும் திட்டுக்களாகப் பெருகிவிடுபவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. காசநோய்க் கிருமிக்கோ பல வாரங்கள் வேண்டும். ‘விரைவு’ என்னும் சொல்லும் இங்கே உறவினர்க்குள் வைத்துச் சொல்லும் சொல்லேயாகும். குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒன்று நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிறது. இவை இரண்டாகச் சில மணி நேரம் ஆகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆமைக் கூட்டத்தில் முயல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆமை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இக்கூட்டத்தில் மனிதரை மிகுதியும் துன்புறுத்துபவை மூன்று: செலோனே, ஃபார்ட்டுயிட்டம், அப்செஸ்ஸஸ். இவற்றுள் செலோனே என்னும் பெயர் ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெர்லின் நகரின் மீன் காட்சிச்சாலையிலிருந்த கடலாமைகளின் நுரையீரலிலிருந்து பிரீட்ரிக் பிரீட்மன் என்பவர் 1903-இல் இதனைப் பிரித்தெடுத்தார். அவர் அத்துடன் நிற்கவில்லை. ஆமையின் கிருமி மனிதருக்குத் தீங்கு செய்யாது என்றும், அதனை உயிருடன் ஊசி மூலம் செலுத்தினால் காசநோய் தீரும் என்றும் கருதினார். 1913-இல் அம்மருந்துடன் அமெரிக்கா சென்றார். பத்திரிகைகளில் பெரும் பரபரப்பு. அரசாங்க மருத்துவர்கள் ஆராய்ந்து, அவர் சொன்ன பலனைத் தாங்கள் காணவில்லை என்று அறிவித்தனர். இன்று அறுவைக் காயங்களிலிருந்து எந்தக் கிருமியை அகற்றப் பாடுபடுகிறோமோ, அதன் பெயரைத் தாங்கிய ஒன்றை அன்று மருந்தென்று ஊசியில் ஏற்றினார்கள் என்பது வியப்பன்றோ!

ஃபார்ட்டுயிட்டம் என்றால் ‘தற்செயலானது’ என்று பொருள். ஊசி போட்ட இடத்தில் தோன்றிய சீழ்க்கட்டி ஒன்றிலிருந்து பிரேசில் நாட்டு அறிஞர் டா கோஸ்டா குரூஸ் 1938-இல் அதனைக் கண்டு பெயரிட்டார். மூன்றாவதாகிய அப்செஸ்ஸஸ், பெயரிலேயே சீழ்க்கட்டியை வைத்திருக்கிறது. முழங்காலில் நோயுற்ற ஒரு பெண்மணியிடமிருந்து அதனைப் பிரித்து 1953-இல் அமெரிக்காவில் விவரித்தனர். மூன்றிலும் இதுவே கொடியது.

இவை எங்கே இருக்கின்றன? எங்கும் இருக்கின்றன. குழாய் நீரிலும், குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்திலும், குளத்து மண்ணிலும் இருக்கின்றன. மெழுகுச் சட்டை இருப்பதால், வேறு பல கிருமிகளைக் கொல்லும் அளவு குளோரினை இவை தாங்கிக்கொள்கின்றன. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி. சி. ஜி. ஊசி ஆராய்ச்சியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே வயது வந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்னும் முடிவு உலகையே திகைக்க வைத்தது. மண்ணிலும் நீரிலும் உள்ள இத்தகைய உறவினக் கிருமிகளோடு மக்கள் முன்னரே பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்று கருதிய ஆராய்ச்சியாளர், அப்பகுதியின் மண்ணையும் நீரையும் சோதித்தபொழுது ஃபார்ட்டுயிட்டம் வகையும் அங்கே கிடைத்தது. நாம் நாள்தோறும் இவற்றை மிதிக்கிறோம்; குடிக்கிறோம். தோல் முழுமையாக உள்ளவரை தீங்கில்லை.

தோல் திறந்த இடத்தில் இந்நீர் படும்பொழுதுதான் தொல்லை. கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டில் ஒரு நக அலங்கார நிலையத்திற்குச் சென்று வந்த 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் தோன்றின. சுழலும் வெந்நீர்த் தொட்டிகளில் கால்களை ஊற வைப்பது அங்கே வழக்கம். ஆராய்ந்தவர்கள் தொட்டியின் நீர் உறிஞ்சும் வாயிலுள்ள வலையைக் கழற்றிப் பார்த்தனர். அதன் பின்னே மயிரும் தோல் துகளும் திரண்டு கிடந்தன. அதில் ஃபார்ட்டுயிட்டம் செழித்திருந்தது. வருமுன் கால் மயிரை மழித்துக்கொண்டவர்களுக்கே நோய் அதிகம் கண்டது. மழிக்கும் கத்தி தோலில் இடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே வாயிற்படியாயின. நியூயார்க் மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் பச்சை குத்திக்கொண்ட சிலருக்குச் செலோனே கண்டது. சாம்பல் நிறம் பெறுவதற்காக நீர் கலந்து விற்கப்பட்ட மையிலிருந்து அது வந்தது.

இவையெல்லாம் பிரேசிலில் நடந்ததன் முன்னே சிறியவை. 2006 ஆகஸ்டு முதல் 2007 ஜூலை வரை, ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் மட்டும் 63 மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய் உற்றவராகக் கருதப்பட்டனர். பெரும்பாலோர் சிறுதுளை அறுவை செய்துகொண்டவர்கள். சோதித்தவற்றில் பெரும்பாலும் ஒரே வழியில் வந்த அப்செஸ்ஸஸ் கிருமியே காணப்பட்டது. லாப்ராஸ்கோப்புக் கருவிகள் நுண்மையானவை. சில பகுதிகள் மிகு வெப்பத்தைத் தாங்கா. ஆகவே நீராவி அழுத்தத்தில் வேகவைக்காமல், 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்னும் மருந்து நீரில் சிறிது நேரம் ஊறவைத்து எடுப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் கிருமியோ அம்மருந்து நீரில் உயிர்பிழைக்கக் கற்றிருந்தது. 2009-இல் அந்நாட்டு அரசாங்கம் அறுவைக் கருவிகளை மருந்து நீரில் ஊறவைத்தே தூய்மை செய்துகொள்ளும் முறையை நிறுத்தியது. நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. மருந்து நீரிலிருந்து எடுத்த கருவியைக் கடைசியில் கழுவிய தண்ணீரிலேயே கிருமி இருந்ததும் உண்டு. நூறு முறை கைகழுவும் மருத்துவருக்கும் குழாய் நீரைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை. கருவியை 121 டிகிரி நீராவியில் அழுத்தத்துடன் வைத்து எடுத்தால், மெழுகுச் சட்டையால் பயனில்லை.

இனி, நோயைக் கண்டறியும் வகையைப் பார்ப்போம். தொடக்கத்தில் சொன்ன முதற் சீட்டு, ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்றதல்லவா? சாதாரணச் சீழ்ச் சோதனையில் தட்டுக்களை இரண்டு நாள் பார்த்து எறிந்துவிடுவார்கள். இக்கிருமியோ மூன்று முதல் ஏழு நாட்களில் தலைகாட்டும். நோயாளியிடமிருந்து முதன்முதலாக எடுக்கும்பொழுது இன்னும் தாமதிக்கலாம். இது வளர்வதற்கு அரிய உணவு எதுவும் வேண்டுவதில்லை. எறியாமல் வைத்திருந்தால் அதே தட்டில் வளர்ந்திருக்கும்! ஆகவே, மருத்துவர் அனுப்பும் குறிப்பில் ‘அறுவைக்குப் பின் ஒரு மாதம் கழித்து வந்த கட்டி; நாள் கூட்டி வைத்துப் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி பல மாதத் துன்பத்தை மிச்சப்படுத்தும். செலோனே உடற்சூட்டைவிடக் குறைந்த 30 டிகிரி வெப்பத்தையே விரும்புவதால், ஒரு தட்டை அந்த வெப்பத்திலும் வைக்க வேண்டும். பஞ்சில் ஒற்றி அனுப்புவதைவிட, சீழை ஊசியால் உறிஞ்சியோ, திசுவில் சிறிது வெட்டியோ அனுப்புவது நலம். வெட்டிய திசு முழுவதையும் பார்மலினில் போட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. பார்மலினில் இட்டதை வளர்ப்புச் சோதனைக்குப் பயன்படுத்த இயலாது. பாதியைப் பார்மலினிலும் பாதியைத் தூய உப்பு நீரிலும் இட வேண்டும். பார்மலினில் இட்ட பாதி மட்டும் தனித்து நின்றால் நம்மை மீண்டும் ஏமாற்றிவிடும். ஏனெனில் காசநோயில் தோன்றும் அதே வகை அணுத்திரள்களை இந்நோயும் தோற்றுவிக்கும்.

காசநோய்க் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் தேடித் தரும் சோதனைகள் இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் உண்டு. சாயச் சோதனையில் சிவந்த குச்சிகள் நிறையத் தெரிந்தும், மரபணுச் சோதனை ‘காசநோய்க் கிருமி இல்லை’ என்று சொன்னால், அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று தவறு என்று தள்ளுவது எளிது. இரண்டும் சரியாக இருக்கலாம்; குடும்பம் அதுதான், ஆள் வேறு. அதன்பின் மரபணு வரிசையைப் படித்தோ, கிருமியின் புரதங்களை நிறுத்தறியும் கருவியாலோ இனத்தின் பெயரைச் சொல்லிவிட முடிகிறது.

பெயர் ஏன் இத்துணை முக்கியம்? காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு ஆகியவை விரைந்து வளரும் இக்கூட்டத்தின்மேல் பயனற்றவை. இக்கூட்டத்துக்குள்ளும் ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்கு உதவுவதில்லை. ஃபார்ட்டுயிட்டம் சற்று இளகிய பகைவன். சிப்ரோபிளாக்சசின் இனத்து மருந்துகளும் சல்பா மருந்துகளும் பெரும்பாலும் அதனை வெல்லும். செலோனேக்கு அமிக்காசினைக் காட்டிலும் டோப்ராமைசின் ஏற்றது. கிளாரித்ரோமைசினும் நன்கு வேலை செய்யும். அப்செஸ்ஸஸுக்கு ஊசி மருந்துகளாகிய அமிக்காசின், இமிபெனம் முதலியவற்றோடு வாய்வழி மருந்துகளையும் சேர்த்து மூன்று நான்காகக் கொடுக்க நேரிடுகிறது. ஒரே மருந்தைத் தனியே கொடுத்தால் கிருமி அதற்கு எதிர்ப்பைப் பெற்றுவிடும் என்பது இங்கும் பொருந்தும்.

கிளாரித்ரோமைசினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிருமியின் உடலில் புரதம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுண்டு. ரைபோசோம் என்பது அதன் பெயர். இம்மருந்து அதன் ஓரிடத்தில் சென்று அமர்ந்து வேலையை நிறுத்திவிடுகிறது. அப்செஸ்ஸஸின் பெரும்பாலான வகைகளிடம், அவ்விடத்தில் ஒரு சிறு வேதிக் குமிழைப் பொருத்தி மருந்தை அமரவிடாமல் செய்யும் மரபணு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அம்மரபணு எப்பொழுதும் விழித்திருப்பதில்லை. மருந்தைக் கண்ட பின்னரே விழிக்கிறது. சோதனைச் சாலையில் மூன்றாம் நாள் பார்த்தால் மருந்துக்குக் கிருமி பணிந்துவிட்டதாகத் தோன்றும். அதே குழாயை 14-ஆம் நாள் பார்த்தால் கிருமி தழைத்திருக்கும். நோயாளியின் உடலிலும் இதுவே நிகழ்ந்தது. சோதனையில் வென்ற மருந்து படுக்கையில் தோற்றது ஏன் என்று மருத்துவர்கள் நெடுநாள் குழம்பினர். 2009-இல் அம்மரபணுவைக் கண்டுபிடித்த பிறகே விடை கிடைத்தது. எனவே, இச்சோதனையை 14 நாள் வைத்துப் பார்ப்பது இன்று விதியாகிவிட்டது. மாசிலியென்ஸ் என்னும் கிளைவகையில் அம்மரபணு துண்டுபட்டு வேலை செய்யாமல் இருக்கிறது. அதனைப் பெற்ற நோயாளிகள் ஓரளவு அதிருஷ்டசாலிகள் என்றே சொல்ல வேண்டும்.

மருந்து மட்டும் போதாது. சீழ் தேங்கிய பையை வெட்டித் துப்புரவு செய்ய வேண்டும். உள்ளே வலையோ செயற்கை உறுப்போ இருந்தால் அதை எடுத்துவிடாமல் நோய் தீருவது அரிது. கடுமையான தோல் நோய்க்கு நான்கு மாதமேனும், எலும்புக்கு ஆறு மாதமேனும் சிகிச்சை நீடிக்கும். மருந்துகளும் மென்மையானவை அல்ல. அமிக்காசின் காதையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். குளோபாசிமின் தோலைச் செந்தவிட்டு நிறமாக்கும். இக்குளோபாசிமின் டப்ளின் நகரில் வின்சென்ட் பாரி குழுவினரால் காசநோய்க்கென்று உருவாக்கப்பட்டு 1957-இல் அறிவிக்கப்பட்டது. அந்நோயில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. தொழுநோயில் பெரும் புகழ் பெற்றது. அரை நூற்றாண்டு கழித்து இப்பொழுது அப்செஸ்ஸஸுக்கு எதிராக மூன்றாம் முறை அழைக்கப்பட்டிருக்கிறது.

நுரையீரலில் மட்டும் கணக்கு வேறு. மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியாகையால், சளியில் ஒருமுறை காணப்பட்டதால் அது நோயென்று ஆகிவிடாது, வழிப்போக்கனாகவும் இருக்கலாம். நோய்க்குறிகளும் படத்தில் மாற்றங்களும் இருந்து, வெவ்வேறு நாளில் எடுத்த சளியில் இரண்டு முறையேனும் அதே கிருமி வளர்ந்தாலே நோயென்று கொள்வர். முன்பு காசநோயால் பழுதுற்ற நுரையீரலில் இது குடியேறுவதுண்டு. அத்தகையவர்க்குக் காசநோய் திரும்பிவிட்டதென்று எண்ணுவது எளிது. மருந்து கேளாத காசநோயென்று முடிவு கட்டிப் பல வகை மருந்துகளைக் கொடுத்தவர்களிடமும் பின்னர் இக்கூட்டத்தார் அகப்பட்டதுண்டு. அப்செஸ்ஸஸ் நுரையீரலில் வேரூன்றினால், சளியில் கிருமி மறைந்த பிறகும் ஓராண்டு சிகிச்சை தேவைப்படுகிறது. அதன் பின்னும் பலருக்குத் தீர்வதில்லை.

அத்தகைய ஒருவரிடமிருந்து ஒரு புதிய வழி தொடங்கிற்று. இங்கிலாந்தில் நுரையீரல் மாற்றப்பெற்ற 15 வயதுப் பெண்ணின் உடலெங்கும் அப்செஸ்ஸஸ் பரவி, எல்லா மருந்தும் கைவிட்ட நிலையில், கிருமிகளை உண்ணும் வைரசுகளாகிய பேஜ்களை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கிரஹாம் ஹாட்புல் என்னும் பேராசிரியர் அனுப்பினார். பல்லாண்டுகளாகக் கல்லூரி மாணவர்கள் மண்ணிலிருந்து பிரித்துச் சேர்த்த பேஜ்களின் களஞ்சியம் அவரிடம் இருந்தது. பொருந்தியவை மூன்று. அவற்றுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அழுகிக் கிடந்த கத்தரிக்காய் ஒன்றின் அடியிலிருந்து 2010-இல் ஒரு மாணவி எடுத்தது. சிகிச்சைக்குப் பின் அப்பெண்ணின் அறுவைக் காயம் மூடியது. ஈரலின் நிலை சீரடைந்தது என்று 2019-இல் எழுதினர். அதன்பின் வேறு வழியற்ற 20 நோயாளிகளுக்கு இதனைச் செய்து பார்த்ததில் 11 பேரிடம் நற்பலன் தெரிந்தது. ஒவ்வொருவரின் கிருமிக்கும் தனித்தனியே பேஜ் தேட வேண்டியிருந்தது. தட்டில் சொரசொரப்பான திட்டாக வளரும் கிருமிக்கே அது கிடைத்தது. வழவழப்பாக வளரும் வகைக்கு ஏற்ற பேஜ் அவர்களுடைய களஞ்சியத்தில் அகப்படவில்லை.